கடையில் வாங்கிய டூப்ளெக்சர்

"செம்புக் குழாய வெட்டி ஒட்டுனவனப் போயி கொண்டாடுறானுங்க மாமே!" ஆவடியில் ரயில் ஏறியதும் எதிர் இருக்கைக்காரர் பொருமினார். பொழுதுபோக்குக்காக வயர்லெஸ்ஸில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது.

"உனக்கு இன்னா மச்சான்? பேச்ச வாங்கி தூரத்துக்கு அனுப்புற ரிப்பீட்டருக்குக் கடையிலயே புது டூப்ளெக்சர் வாங்கிட்ட. ஒரே ஆன்டெனாவுல ஒரே நேரத்துல கேக்குது, அனுப்புது" என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

"ஆனா நம்ம கிளப்பு சேகர் ஊட்ல செம்புக் குழாய்ல செஞ்ச டூப்ளெக்சரத்தான் எல்லாரும் போட்டோ எடுத்துகினு கீறானுங்க. என்னுத ஒருத்தனும் எட்டிப் பாக்கல. நானே ட்யூன் பண்ணேன்னு சொல்லிக்கலாம்னு கம்பெனியில செட் பண்ணி வந்த ஸ்க்ரூவ எல்லாம் திருகிட்டேன். இப்போ எதுவுமே கேக்கல."

நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "யாரு சரி பண்ணுவா?"

அண்ணனூர் தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"சேகர்தான். போன் பண்ணேன். ஒரு வார்த்த குத்திப் பேசல மாமே, இன்னிக்கே வரேன்னுட்டான். அதான் இன்னும் எரியுது."