விழாமல் பிடிக்கும் கைகள்

எங்கள் கம்பெனியில் குடித்த டம்ளரை அவரவர்தான் கழுவ வேண்டும். முதலாளியும் கழுவுவார். அங்கே யாருக்கும் யாரும் சார் இல்லை. அண்ணன், அக்கா, தம்பிதான். நான் எல்லோருக்கும் அக்கா. ஆள் எடுப்பது என் பொறுப்பு.

நாங்கள் செய்வது சமையல் கேஸ் கசிந்தால் அலறும் கருவி. இரண்டு விற்றால் ஒன்றை, வாங்க வழியில்லாத வீட்டில் சும்மாவே மாட்டிக் கொடுப்போம். வேலை கேட்டு வருகிறவர்களிடம் படிப்பைப் பற்றி அதிகம் கேட்க மாட்டேன். "இந்த வேலை உங்களுக்கு எதுக்கு?" என்றுதான் கேட்பேன். தீயில் தம்பியைப் பறிகொடுத்தவர், மகளின் முகம் வெந்ததைப் பார்த்தவர் எல்லாம் அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள். அவர்களை எடுத்துக்கொள்வேன். அவர்கள் லீவு கேட்பதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பையனை மட்டும் கெட்டிக்காரன் என்பதற்காக எடுத்தேன். கருவி வீணாக அலறுவதை நிறுத்தத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அந்த வேலை பாதியில் இருக்கும்போது ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றான்.

"நல்ல கம்பெனிதான்க்கா. ஆனா எனக்கு இது வெறும் வேலைதான். புது ஆபீஸ் வீட்டுக்குப் பக்கம். மத்தியானம் அம்மாவோட உக்காந்து சாப்பிடலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்காகப் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிடுமே என்று வருத்தமாக இருந்தது. பையனிடம் குறை ஒன்றும் இல்லை. இன்னும் பட்டதில்லை, அவ்வளவுதான்.

ஊழியர் வீடுகளில் மாட்டிய கருவியை வருடம் ஒருமுறை சோதிப்பது வழக்கம். மறுநாள் காலை, அவன் ஆபீஸுக்கு வந்தபின், அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா சமையலறையில் ஸ்டூலைப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாத்து ஏறும்மா. அக்கா அக்கான்னு எப்பவும் உன் பேச்சுதான் அவனுக்கு."

பேட்டரியைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன். வாசலில் யாரோ கூப்பிடுவது போலிருக்கிறது என்றேன். அவர் பார்க்கப் போன ஒரு நிமிடத்தில் அடுப்புக்குப் பின்னாலிருந்த கேஸ் குழாயைத் தளர்த்தினேன். சின்னதாக ஒரு தீ, கொஞ்சம் பயம், கையில் ஒரு தழும்பு போதும் என்றுதான் நினைத்தேன். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மாவின் பத்தாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு வந்தான். கடிதத்தை அவனே வாங்கிக் கிழித்தான். "இனிமே ஒரு வீட்லயும் இப்படி நடக்கக் கூடாதுக்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். நானும் நிஜமாகவே அழுதேன். நான்கே மாதத்தில் கருவியை முடித்துவிட்டான். அதனால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன தெரியுமா ஐயா?

ஆனால் என்னால் எதன் மேலும் ஏற முடியவில்லை. மாடிப்படியில் கால் வைத்தாலே பின்னாலிருந்து இரண்டு கைகள் என்னைப் பிடித்துக்கொள்கின்றன. தள்ளிவிட்டால் கூடப் பரவாயில்லை. விழாமல் பிடிக்கின்றன. பயமாக இருக்கிறது. யாரும் தேடாமலே நானாக ஸ்டேஷனுக்கு வந்தது அதனால்தான்.

என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஐயா. இப்போதுதான் பையனுக்கு வேலையில் மனம் ஒட்டியிருக்கிறது.