குவான்சோச் சம்பந்தி

— இஞ்சேருங்கோ, வீடியோவில இன்னும் கிட்டக் காட்டச் சொல்லுங்கோ. தூணில இருக்கிறது நரசிம்மர் மாதிரியெல்லே கிடக்கு?

— எங்கட வினுஷாவின்ர மாமியை நீயே கேளன், சந்திரா. தமிழில கதை. ஃபோன் சீனத்தில மாத்திச் சொல்லும்.

— சம்பந்தி, உங்கட புத்த கோயில் தூணுக்கு எங்கட சாமி எப்பிடி வந்தவர்?

— சம்பந்தி அவர்களே, முற்காலத்தில் தமிழ் வணிகர்கள் கப்பலில் எங்கள் குவான்சோ நகருக்கு வந்து கோயில் கட்டினர். அது இடிந்த பின் தூண்களை இங்கே நட்டோம்.

— ஐயோ, ஃபோன் செய்தி வாசிக்கிற மாதிரியெல்லோ கதைக்குது!

— சிரிக்காதை. அதையும் மொழிபெயர்த்துப்போடும்.

— பேசிக்கொண்டே பக்கத்து மீன் சந்தைக்கு வந்துவிட்டேன். பாருங்கள், கடைக் கருவிக்கு முகத்தைக் காட்டினேன். பணம் செலுத்தப்பட்டது.

— முகத்தைக் காட்டினா மீனோ! இஞ்ச கிரான்பர்ன் மீன்கடையில என்ர முகத்தைக் கண்டா விலையெல்லே ஏறும்.

— அடுத்த மாதம் இங்கே வினுஷாவுக்குக் குழந்தை பிறக்கும். தாங்கள் வந்து எங்களுடன் தங்குங்கள்.

— சீச்சீ, வேண்டாம் சம்பந்தி. உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்?

— புரிந்தது. சற்றுப் பொறுங்கள். மீனை வெட்டக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

— சந்திரா, உனக்கென்ன விசரே? பத்தியச் சரக்கு இடிச்சு, சூட்கேசும் அடுக்கிப்போட்டு, சம்பந்தி வீட்டுக்குக் கூப்பிடாமல் எப்பிடிப் போறது எண்டு அழுதுகொண்டு திரிஞ்சனி. இப்ப கூப்பிட்டா, வேண்டாம் எண்டுறாய்!

— கேட்ட உடன ஓம் எண்டால் அலையிறம் எண்டு நினைப்பினமெல்லே? இன்னொருக்காக் கேப்பா எண்டு பாத்தனான்.

— மெசினுக்கு உன்ர உபசாரம் தெரியுமே? வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லும்.

— என்ர பிள்ளைக்கு முதல் பிள்ளைப்பேறப்பா. நான் பக்கத்தில நிக்க வேணும். என்ர வாயாலேயே கெடுத்துப்போட்டன்.

— கண்ணைத் துடை. மனுசி திரும்பி வாறா. இந்த முறை நேராச் சொல்லு.

— சம்பந்தி அவர்களே, மீண்டும் கேட்கிறேன். வருவீர்களா?

— அது... இல்லைச் சம்பந்தி, உங்களுக்குத்தானே சிரமம்...

— சந்திரா!

— ஐயோ, வாய்ப் பழக்கமப்பா!

— எங்கள் ஊரில் மூன்று முறை மறுத்த பிறகுதான் சம்மதிப்பது வழக்கம். தயவுசெய்து மூன்றாவது முறையும் விரைவாக மறுத்துவிடுங்கள், சம்பந்தி அவர்களே. உங்கள் கட்டிலை நேற்றே விரித்துவிட்டேன்.