ஏழாவது ரௌட்டர்

இல்ல தம்பி, எத்தன தடவ எண்ணினாலும் ஆறுதான். ஆறு பிராஞ்சுலயிருந்தும் வந்த பழைய ரௌட்டரு எல்லாத்தையும் அந்த மல்லிச் சாக்கு மேல அடுக்கி வச்சிருக்கேன், பாத்துக்கோ. ஏழாவது எங்கன்னு கேக்கே. லிஸ்ட்ல நம்பரு இருக்கும், இல்லாம இருக்குமா. அது இந்த ஆரியசாலை மெயின் கடையில ஓடினதாக்கும்.

நீ பொறு. கழக்கூட்டத்துலயிருந்து இந்த வெயில்ல பைக்குல வந்திருக்கே. அந்த ஸ்டூல்ல இரி. வெள்ளம் குடி. ஞாயித்துக்கெழம தெருவே அடச்சுக் கெடக்கு, ஒரு சாயா வாங்கித் தரவும் வழியில்ல. ஹரிகுமார் சாருதான் இன்னைக்கு வரச் சொன்னாரா? ஆங். மேனேஜர்மாருக்குக் கடையில ஆளில்லாத நாளுதான் சௌகரியம்.

என்னய நெனவில்லையா உனக்கு? நீலகண்டன். முப்பத்தொண்ணு வருஷமா இஞ்ச ஸ்டோரு பாக்கேன். குத்தமில்ல, சாயா கொண்டுவாறவன் மூஞ்சிய யாரு பாக்கா. எனக்கு உன்னத் தெரியும். நவநீத். மூணு வருஷம் முன்ன இந்த மெயின் கடை ரௌட்டர மாத்தினது நீதான். வயரெல்லாம் புதுசுல மாத்திட்டு, பழசு அந்தச் சின்ன யூபிஎஸ்ல சொருகினபடியே இருக்கு, அணைச்சு எங்கயாம் கொண்டு போடுங்க அண்ணாச்சின்னே. நானும் சரின்னேன்.

மாத்துக வயசா அதுக்கு? ரெண்டு வருஷங்கூட ஆவல. அப்பம் எனக்குத் தோணல. பெறவுதான் தோணிச்சு.

அந்த வாரம் நடந்தது உனக்குத் தெரியும். நம்ம கொள்முதல் வெல லிஸ்டு மொத்தமும், எந்தத் தோட்டத்துல ஏலக்கா என்ன ரேட்டுக்கு எடுக்கோம்ங்கது வரைக்கும், எதிராளி கடைக்குப் போயிட்டு. ஸ்ரீலட்சுமி மெயில்லயிருந்துதான் போயிருக்குன்னாவ. ஸ்ரீலட்சுமி எம்மவ. இந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாத்தவ. இதே எடத்துல, சாக்கு எறக்குத சுமட்டுக்காரங்க முன்னால வச்சு, ஹரிகுமார் அவ பையக் கொட்டித் தேடினாரு. சீப்பு, சோத்துப் பாத்திரம், வயித்துவலி மாத்திர. எல்லாம் தரையில. அவ குனிஞ்சு ஒவ்வொண்ணா எடுத்தா. நான் பாத்துக்கிட்டு நின்னேன். எங்கிட்ட, ஒம்மள இஞ்ச வச்சிருக்கதே தயவுன்னாரு.

மறக்கணுமா? நீ மறந்துக்கோ மக்கா, உனக்கு என்ன.

லிஸ்டு போனது ஞாயித்துக்கெழம. அன்னைக்கு அவ சுசீந்திரத்துல, சித்தி மவ கல்யாணத்துல பந்தி வெளம்பிட்டு நிக்கா. நானும் அங்கதான். சொன்னேன். அங்க நின்னும் போன்ல அனுப்பலாம்னுட்டாரு. எதுத்துப் பேச நமக்கு என்ன தெரியும், மூணாங் கிளாஸு. ஆனா மறுநா காலைல ஆபீஸ் ரூம்பத் தூத்தப்ப மேசையில குடிச்சு வச்ச ரெண்டு கிளாஸு கெடந்து. எதுத்த வாசல்ல லாட்டரி விக்குத ராஜபாயக்கா சொன்னா, ஒரு செவப்பு பைக்கு ஒரு மணிக்கூர் நின்னுதுன்னு. உன் பைக்கும் செவப்புதான். ஊர்ல எத்தனையோ செவப்பு பைக்கு, நான் ஒண்ணும் சொல்லல.

ரௌட்டர் மாத்தின அன்னைக்கு வீட்டுல போயி சும்மா சொன்னேன். அவ அழுகைய நிறுத்திட்டா. அப்பா, எந்த மெஷின்லயிருந்து அனுப்பினாவன்னு அந்தப் பொட்டியில இருக்கும், கரண்டு போனா அதுக்கு எல்லாம் மறந்துபோவும்னா. நான் செருப்புகூடப் போடாம திரும்பி ஓடி வந்தேன். யூபிஎஸ் கீ கீன்னு கத்திட்டுக் கெடக்கு.

இந்தக் கடையில பூட்டும்போ மெயினை அணைக்கணும். தீப்பயம். அந்த யூபிஎஸ் ஒரு ராத்திரி தாங்கும், அதுக்கு மேல தாங்காது. பிள்ளையார் படத்துக்கு முன்னால எரியுத பல்பு மட்டும் அணையப்புடாதுன்னு பழைய மொதலாளி அதுக்குத் தனி லைனும் இன்வெர்ட்டரும் போட்டு வச்சாரு. அவரு போன பெறவும் அத யாரும் தொடல. பொட்டிய யூபிஎஸ்ஸோட தூக்கிட்டு வந்து அந்த லைன்ல சொருகினேன். கொப்பரச் சாக்குக்குப் பின்னால. மூணு வருஷம் நாலு மாசம். பச்ச லைட்டு ஒரு நிமிசம் அணையல. எலி வயரக் கடிச்சிராம சுத்தி வலை கெட்டியிருக்கேன்.

வேற ஆள வச்சுப் பாக்கவா? அது நடக்காது தம்பி. ரெண்டு ஆளுவளக் கூட்டிட்டு வந்து காட்டியாச்சு. பாஸ்வேர்டு இல்லாம ஒண்ணும் பாக்க ஒக்காது, பின் வச்சுக் குத்தினா தொறக்கும், ஆனா உள்ள உள்ளதெல்லாம் அழிஞ்சுபோவும்னாவ. பாஸ்வேர்டு போட்டது நீ. உன் கம்பெனிக்கு ரெண்டு தரம் போன் பண்ணினேன். கடை மேனேஜரு சொன்னாத்தான் ஆள விடுவோம்னாவ. சரின்னு விட்டுட்டேன். பழசெல்லாம் ஒரு நா லிஸ்டு போட்டு எடுப்பாவ, நம்பரு வச்சு எண்ணி ஒடச்சு, ஒடச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் கடலாசு வேற கொடுக்கணும். அன்னைக்கு ஒண்ணு கொறஞ்சா நீயே தேடிட்டு வருவேல்லா.

வேர்க்குது உனக்கு. ஃபேனப் போடட்டுமா?

நீயா இல்லாமலும் இருக்கலாம். ஏதோ வயரு சரியாக்கன்னு வரச் சொல்லியிருப்பாரு, நீ குனிஞ்சு நின்ன நேரத்துல அவரு அனுப்பியிருப்பாரு. ரெண்டுபேருமாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, பொட்டிக்குத் தெரியும்.

போன எடுத்துப் பிரயோஜனமில்ல, இந்த கோடவுனுக்குள்ள ரேஞ்சு கெடயாது. ஷட்டரா? நான்தான் எறக்கினேன், நீ எண்ணிக்கிட்டு இருந்தப்ப. ஞாயித்துக்கெழம தொறந்து கெடந்தா நாயி ஏறும்.

அந்தா, கொப்பரச் சாக்குக்குப் பின்னால வெளிச்சம் தெரியுதுல்லா. லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு இருக்கது ஸ்ரீலட்சுமி. மூணு வருஷமா வீட்டு நட எறங்காதவ, இன்னைக்குக் காலைல உன் பேரச் சொன்னதும் முடியக் கெட்டிட்டு ஆட்டோவுல ஏறிட்டா. நீ பாஸ்வேர்ட மட்டும் சொல்லு, அவ அடிச்சுக்கிடுவா. வாசிச்சு முடிஞ்ச பெறவு ஷட்டரத் தொறக்கேன்.