மேடை போட்டவன்

டீயில சர்க்கரை கொஞ்சம் தூக்கல் சார். குறை சொல்லல, எனக்கு இப்படித்தான் பிடிக்கும். வீட்டுல போட மாட்டா.

எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்? சந்தோஷத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த ஒரு வருஷம் சிரிச்ச மாதிரி நான் என் ஆயுசுல சிரிச்சதில்ல.

மேடை போடுறது என் தொழில். இரும்புக் குழாய், பலகை, போல்ட், நட்டு. கல்யாணமோ பொதுக்கூட்டமோ, கூப்பிட்டா போடுவேன். மேல நின்னு பேசுறவன் எந்தக் கட்சின்னு மேடைக்கு என்ன கவலை. டீச்சர் வர்ற வரைக்கும் எனக்கும் அப்படித்தான்.

டீச்சர் தையல் பள்ளியில பாடம் எடுத்தவங்க. கட்சியில சாதாரண உறுப்பினர். நாற்காலியில வேர் விட்டுப்போன தலைவரை எதிர்த்து, அந்தப் பதவிக்கு நானும் நிக்கிறேன்னு கிளம்பினாங்க. தேர்தல்ல நிக்கிற வேட்பாளரைக் கிளை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கணும்ங்கிறதுதான் அவங்களோட முதல் கோரிக்கை. கட்சி ஆபீஸ்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். என் மச்சான், அதாவது என் சம்சாரத்தோட தம்பி, சும்மா கூப்பிட்டாலே ஊரைக் கூட்டுற தொண்டை அவனுக்கு, ஒரு நாள் என்னை இழுத்துட்டுப் போனான். "மாமா, ஒரே ஒரு தடவை வந்து கேளுங்க. அப்புறம் நீங்களே வீட்டுக்குப் போக மாட்டீங்க."

போகல சார்.

அந்தக் கூட்டத்தை நீங்க பார்த்திருக்கணும். நர்சம்மா, பஸ் டிரைவர், ஜவுளிக்கடைப் பொண்ணுங்க, பேக்கரிக்காரர், எல்லாரும் மழையில ஆடுவாங்க. எதுக்கு ஆடுறோம்னு யாருக்கும் தெரியாது. போஸ்ட்மேன் பையைத் தலைக்கு மேல சுத்துவார். அவங்க கை தட்டும்போது மேடைக் குழாய்ல கை வச்சுப் பாருங்க, அதிர்வு தோள்பட்டை வரைக்கும் ஏறும். கள்ளு குடிச்ச மாதிரி இருக்கும். எனக்கு முட்டி வலின்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு.

தலைவர் பதவிக்கு நடந்த ஓட்டுல தோத்தோம். ஆனா தோத்தவங்க மாதிரி ஒருத்தர் மூஞ்சியும் இல்ல. ஜெயிச்சவங்க பின்வாசல் வழியா நழுவினாங்க, தோத்தவங்க தெருவை அடைச்சு ஆடினோம். டீச்சர் ஒரு பழப்பெட்டியைக் கவுத்துப் போட்டு ஏறி நின்னாங்க. "யாரும் கட்சியை விட்டுப் போகாதீங்க. உள்ளேயே இருங்க. ஒவ்வொரு கிளையிலயும் போய் நிறைஞ்சு உட்காருங்க. நாற்காலி பத்தாம அவங்களே எழுந்திரிக்கணும்."

அப்படியே செஞ்சோம். மூணு பேர் கொட்டாவி விட்டுட்டுக் கலையிற கிளைக் கூட்டத்துல, மாடிப்படி வரைக்கும் ஆள் நின்னுது. எங்க கிளைச் செயலாளர், என் மச்சான் தொண்டையைக் கனைச்சதுமே ஆபீஸ் சாவியை அவன் கையில கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டார். நாங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம்.

அப்புறம் ஒரு நாள் டீச்சரே என் பட்டறைக்கு வந்தாங்க. நான் குழாய் கழுவிட்டு இருந்தேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில ஒரு கூட்டம். தலைவரும் நானும் ஒரே மேடையில. எனக்குத் துணைத் தலைவர் பதவி தர்றார். நம்ம கோரிக்கையில பாதியை ஏத்துக்கிட்டார்."

"மீதிப் பாதிம்மா?"

"போதும்ணே. எல்லாருக்கும் குடும்பம் குட்டின்னு இருக்கு. நம்ம கூட்டத்தைக் கலைச்சிடலாம்னு அன்னைக்குச் சொல்லப்போறேன். கோபமா?"

"எனக்கென்ன கோபம். மேடையை நல்லாப் போட்டுடுறேன்."

நிஜமாவே கோபம் இல்ல சார். யோசனைதான். அவ்வளவு பேர் சந்தோஷத்தை ஒருத்தர் மைக் பிடிச்சு நிறுத்திடலாமா? அவங்க பேசாம இருந்தா போதும்னு நினைச்சேன். ஒரு கால் உடையட்டும். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில படுக்கட்டும். கூட்டம் கலையாது, கட்சி நம்ம கைக்கு வந்துடும். அப்புறம் அவங்களே எனக்கு நன்றி சொல்வாங்க.

மைக் வச்ச பக்கம் மேடையோட முன்கால்ல போல்ட்டைக் கழட்டல. தளர்த்தினேன், அவ்வளவுதான். பலமா கை தட்டினா அந்த அதிர்வுலயே கழண்டுக்கும். தட்டலன்னா ஒண்ணும் ஆகியிருக்காது. முடிவைக் கூட்டத்துக்கிட்டயே விட்டேன். நாங்க கேட்டதும் ஜனநாயகம்தான.

தலைவர் உட்கார்ந்த பக்கம் மட்டும் ஒவ்வொரு போல்ட்டையும் ரெண்டு தடவை முறுக்கினேன்.

டீச்சர் மைக் முன்னால வந்து, "என் பிள்ளைகளே"ன்னாங்க. அதுக்கே தட்டினாங்க பாருங்க, அப்படித் தட்டி நான் கேட்டதில்ல. மச்சான்தான் எல்லாருக்கும் மேல. முன்கால் மடங்கினப்போ அவன்தான் ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு ஓடினான். பலகையும் குழாயும் சேர்ந்து வந்துச்சு. டீச்சர் அங்கயே போயிட்டாங்க. மச்சானுக்கு வலது கை போச்சு.

தலைவர் கையில இருந்த டம்ளர்ல ஒரு சொட்டு சிந்தல சார். அவர்தான் செஞ்சார்னு நம்ப ஜனங்களுக்கு அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. நீங்கதான தலைவரைக் கைது பண்ணீங்க. கட்சி முழுசா எங்க பக்கம் வந்துடுச்சு. வேட்பாளரைக் கிளை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம்னு விதி மாறிடுச்சு. கோரிக்கை பாதி இல்ல, முழுசும். டீச்சர் உயிரோட இருந்தா இதுல கால்வாசி நடந்திருக்குமா? மச்சான் இப்ப இடது கையைத் தூக்கிக் கோஷம் போடுறான். அதுக்குக் கூட்டம் இன்னும் எகிறுது. அவன் கை போனதுல எனக்கு வருத்தம்தான், சாப்பாட்டைப் பிசைஞ்சு கொடுக்கும்போது கண்ணு கலங்கும். ஆனா அவன் முகத்துல இருக்கிற களையைப் பார்த்தா மனசு நிறைஞ்சிடும்.

போன வாரம் மாநாடு. நான் போட்ட மேடைதான். அழுதுக்கிட்டே ஆடினாங்க சார், நானும் கீழ நின்னு ஆடினேன். கடைசியில ஒவ்வொருத்தருக்கா நன்றி சொன்னாங்க. கொடி கட்டினவங்களுக்கு, வண்டி ஓட்டினவங்களுக்கு, தண்ணி கேன் தூக்கினவங்களுக்குக் கூட. மேடை போட்டவனுக்குச் சொல்லல. எனக்கு அது பெரிசில்ல. பேருக்கு அலையிற ஆளா நான்? சும்மா, ஒருத்தருக்காவது விஷயம் தெரியட்டுமேன்னுதான் உங்களைத் தேடி வந்தேன். தலைவரை விடுறதுக்கு அவசரம் இல்ல, பொதுத்தேர்தல் முடியட்டும்.

என்ன கேட்டீங்க? காலை மட்டும் உடைக்க நினைச்சவன், எப்பவும் இடுப்பு உயரத்துக்குப் போடுற மேடையை அன்னைக்கு மட்டும் ஏன் ரெண்டு ஆள் உயரத்துக்குப் போட்டேன்னா?

பின்னால நிக்கிறவங்களுக்கும் தெரியணும்ல சார்.