நான் .308 தோட்டாவைத் தேர்ந்தெடுத்த காரணம்

யோகமலர் கடைசியாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டது, பிளாஸ்க்கின் மூடி எங்கே என்பது. கழுவிய பாத்திரங்கள் அடுக்கும் தட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. சொன்னேன். எடுத்துத் திருகி மூடினாள். என் மனைவி கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் எனக்கில்லை.

அடுத்த மாதம் முதியோர் சங்கத்தில் அவசரகால ஆயத்தம் பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறார்கள். மனைவியைப் பறிகொடுத்தவன் பேசினால் சனம் கேட்குமாம். பேசத்தான் போகிறேன். அங்கே சொல்ல முடியாத பகுதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு அவசரகாலம் என்றால் ஒரு பெட்டி நூடில்ஸும் நாலு மெழுகுதிரியும். அதற்கு மேல் யோசிப்பவன் பைத்தியம். நான் ஒரு முழு நகரத்தோடு சேர்ந்து மழையில் நடந்து யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவன். யோகமலரும் நடந்தாள். அவளுடைய தம்பி வினோதன் நடக்கவில்லை. அவன் அதற்குப் பல வருடங்கள் முன்பே ரொறன்ரோ வந்து, காரில் பீட்சா கொண்டு திரிந்தான். இடப்பெயர்வை அவன் தொலைக்காட்சியில் பார்த்தான். பிறகு வாழ்நாள் முழுக்க அதைப் பற்றி என்னைவிட நன்றாகக் கதைத்தான்.

பிறகு நாங்களும் வந்து, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் வீடு வாங்கியதும் பேஸ்மென்றில் புகைபோக்கியோடு விறகடுப்பு வைத்தேன். தண்ணீர், அரிசி, பருப்பு, மருந்து, எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கினேன். பாடம் படித்து, சோதனை எழுதி, உரிமம் எடுத்து ஒரு துப்பாக்கியும் வாங்கினேன். ஒரு பிறந்தநாள் விழாவில் கையில் கிளாஸோடு வினோதன் கேட்டான்.

“ஆரைச் சுடப்போறியள் அத்தான்? 401 ரோட்டாலை ரஷ்யாக்காரன் வாறானோ?”

அன்றிலிருந்து நான் பட்டாளத்துக் கேணல். அவன் வைத்த பெயர். சாமர்த்திய வீடு, கலியாண வீடு, செத்தவீடு எல்லாவற்றிலும் கேணல். பிள்ளைகள்கூட கேணல் மாமா என்றார்கள். யோகமலரும் சிரித்தாள். சிரித்துவிட்டு என் பக்கம் பார்ப்பாள்.

தோட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூரத்து இலக்குக்குச் சுடுவதில் துப்பாக்கியைவிடத் தோட்டாவே முக்கியம். என்னிடம் இருந்தது .308. பழைய வகை. தோளில் நன்றாக உதைக்கும்; தூரம் போகப் போகக் காற்று அதைத் தள்ளிவிடும். ஆனால் ரொறன்ரோவுக்கு வடக்கே எந்தச் சிற்றூர்க் கடையிலும் தூசி படிந்தாவது ஒரு பெட்டி இருக்கும். 6.5 கிறீட்மோர் என்பது புதிய வகை. பறந்து போகும் குண்டு, சன்னம் என்போம், மெலிந்தது; காற்றுக்கு இலேசில் அசையாது, உதையும் குறைவு. கடைகள் வெறுமையாகும் காலத்தில் முதலில் தீர்ந்துபோவதும் அதுதான். ஒன்று நல்ல நாளுக்கு, மற்றது கெட்ட நாளுக்கு. கையில் இருப்பதோடு நிற்பதா, புதியதற்கு மாறுவதா என்று ஒரு வருடம் வாசித்தேன், கேட்டேன், யோசித்தேன்.

இந்த இடத்தில்தான் ஒரு சனிக்கிழமை வினோதன் கடைக்குப் போய், விற்கிற பெடியன் எடுத்துக் கொடுத்த 6.5 துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தான். எனக்குத் துணைக்காம். உரிமத்தையும் எனக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தான். ஒரு வருட வாசிப்பை ஒரு பின்னேரத்தில் தாண்டிவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

நான் கோபப்படவில்லை. இரண்டையும் அளந்து பார்க்கலாம் என்றேன். சன்னத்தின் வேகத்தை அளக்க ஒரு சிறு கருவி இருக்கிறது, குரோனோகிராப் என்பார்கள். தோட்டா எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் போகிறதா என்பதைத்தான் அதில் பார்க்க வேண்டும். மனிதர்களையும் நான் அப்படித்தான் பார்ப்பேன். வினோதன் ஒரு நாள் மாதிரி மறுநாள் இருக்க மாட்டான்.

ஒக்டோபரில் ஒரு காலை அஜின்கோர்ட்டில் அவன் வீட்டுக்குப் போனேன். அங்கிருந்து சூட்டுத்திடலுக்குப் போவதாக ஏற்பாடு. கருவியை எடுத்து அழுத்திப் பார்த்தால் உயிரில்லை. ஒன்பது வோல்ற் பற்றரி தீர்ந்திருந்தது.

“வழியிலை ஒண்டு வாங்குவம் அத்தான். முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ. கேணல் பற்றரி இல்லாமல் போருக்குப் போறார் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்,” என்றான் குசினியில் இருந்து.

அவன் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது நடைவழிச் சுவரில் இருந்த அலாரத்தைக் கழற்றி அதன் பற்றரியை எடுத்தேன். காபன் மொனொக்சைட் வாயுவுக்கான அலாரம்; பூட்டிய வீட்டுக்குள் கரி எரிந்தால் சேரும், மணமில்லாத நஞ்சு அது. அதை வாங்கிக் கொடுத்ததும் நான்தான், மாட்டியதும் நான்தான். அதே வகைப் பற்றரி. பின்னேரம் திருப்பிப் போட்டுவிடலாம். என் பைக்குள் ஒன்று கிடந்தது என்று அவனிடம் சொன்னேன்.

அன்று அவனுடைய தோட்டா என்னுடையதைவிடச் சீராகப் போனது. கருவி பொய் சொல்லாது. காற்று அடித்துக்கொண்டிருக்க, மிகத் தூரத்தில் தொங்கிய இரும்புத் தட்டை அவன் முதல் வெடியிலேயே அடித்தான். நான் மூன்றாவதிலும் அடிக்கவில்லை.

“பாத்தியளே கேணல், ஒண்டும் படிக்காமலே பாஸ் பண்ணிப்போட்டன்.”

பக்கத்து மேசைகளில் இருந்த வெள்ளையர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்கள்.

அன்று வீடு திரும்பு முன்னரே நான் .308 என்று தீர்மானித்துவிட்டேன். கெட்ட நாளில் கிடைப்பதுதான் நல்ல தோட்டா. அந்தக் காரணம் இன்றைக்கும் சரியானது. அதற்கும் தட்டுக்கும் தொடர்பில்லை.

பின்னேரம் அவனை வீட்டில் இறக்கியபோது பற்றரி என் சட்டைப் பைக்குள் இருந்தது. நடைவழியில் நின்றேன். உள்ளே அவன், ஒட்டாவாவில் வேலை பார்க்கும் மகள் நிலக்சியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தான். மனைவி பிரிந்து போனபின் அவனுக்கு எல்லாம் மகள்தான். தட்டின் கதையைச் சொன்னான். கேணலின் முகம் போன போக்கையும் சொன்னான். நன்றாக நடித்துக் காட்டினான் என்று நினைக்கிறேன். அவளுடைய சிரிப்பு எனக்கே கேட்டது.

பற்றரியைப் போடாமல் வெளியே வந்தேன். அலாரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. அது எரியவில்லை. வீட்டில் நடந்து திரிகிற எவனும் ஒரு கிழமைக்குள் கவனிப்பான். கவனித்துவிட்டு என்னிடம் கேட்பான். அப்போது சிரிப்பது என் முறை. இது ஒரு சோதனை, அவ்வளவுதான்.

அவன் கவனிக்கவில்லை. தீபாவளிக்குப் போனபோதும் விளக்கு எரியவில்லை. அதன் கீழே கதிரை போட்டு இருந்து, அவன் கொடுத்த வடையைச் சாப்பிட்டேன். அவன் ஆயத்தத்தைப் பற்றிப் பகிடி விட்டான். நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்துவிட்டு மென்றேன். பல வருடங்களுக்குப் பிறகு அவன் வீட்டில் நான் நிம்மதியாக இருந்தது அன்றுதான்.

டிசம்பரில் ஐஸ் மழை பெய்தது. மரக்கொப்புகள் முறிந்து கம்பிகளில் விழுந்தன. ஸ்காபரோவில் அவன் வீட்டுப் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் மின்சாரம் போனது. என் வீட்டில் விறகடுப்பு எரிந்தது. மத்தியானம் வினோதன் போன் எடுத்தான்.

“கேணல் அத்தான், அகதி ஒருத்தன் கதைக்கிறன். பங்கர் திறந்திருக்கோ?”

இத்தனை வருடத்துக்குப் பிறகு என் வீட்டில் இடம் கேட்கிறான். அதையும் பகிடியாகத்தான் கேட்கிறான்.

“ரோட்டெல்லாம் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. வெளிக்கிடாதை. அங்கையே இரு,” என்றேன்.

“அதுவும் சரிதான். பாபிகியூ அடுப்பை உள்ளுக்கை இழுத்து வைச்சு ரெண்டு கரி போடுறன். கோழியையும் வாட்டலாம்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. முட்டாளுக்கு விளக்கம் சொல்வது என் வேலையல்ல. அதற்குத்தான் அலாரம் வாங்கிக் கொடுத்தேன்.

யோகமலர் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“அவன் பகிடிக்கெண்டாலும் வரட்டோ எண்டு கேட்டவன். நீங்கள் வேண்டாம் எண்டிட்டியள்.”

“ரோட்டு சரியில்லை எண்டுதான் சொன்னனான்.”

“அப்ப நான் போய்ப் பாக்கிறன், சரியோ இல்லையோ எண்டு. உங்கட அடுப்போடை நீங்கள் இருங்கோ. நான் என்ர தம்பியோடை இருக்கிறன்.”

பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றினாள். மூடியைக் கேட்டாள். அவள் பனிச் சப்பாத்தின் ஸிப்பை இழுக்கக் குனிந்தபோது அந்தப் பச்சை விளக்கு எனக்கு ஞாபகம் வந்தது.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம். யாரும் மறுக்க முடியாது. ஆனால் நான் மறக்கவில்லை. சொல்வதென்றால், பற்றரி எங்கே என்றும் சொல்ல வேண்டும். அவள் தம்பியிடம் சொல்வாள். கேணல் சுவரில் இருந்து பற்றரி களவெடுத்த கதை சாகும்வரை எல்லா விழாவிலும் ஓடும். இன்னொரு பக்கம், வினோதன் சொல்வதில் பாதி செய்வதில்லை. அடுப்பை இழுத்து வைக்கவும் பஞ்சிப்படுவான். இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். பேசாமல் இருந்தேன்.

கார்க் கண்ணாடியில் ஐஸ் தடிப்பாகப் பிடித்திருந்தது. அவளால் சுரண்ட முடியவில்லை. நான் வாங்கிச் சுரண்டிக் கொடுத்தேன்.

போய்ச் சேர்ந்ததும் போன் எடுத்தாள். “இங்கை நல்ல சூடு. கரி போட்டிருக்கிறான். பிடிவாதம் பிடிக்காமல் நீங்களும் வாங்கோவன்.” சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொருமுறை எடுத்தாள். தலையிடிக்கிறதாம். வினோதன் நித்திரையாகிவிட்டானாம்.

“பனடோல் போட்டிட்டுப் படும்,” என்றேன்.

அந்த வாயுவின் முதல் அறிகுறி தலையிடி என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்னோடு சண்டை பிடித்தால் யோகமலருக்கு எப்போதும் தலையிடிக்கும். எது இது என்று போனில் எப்படித் தெரியும்.

மறுநாள் வினோதனின் பக்கத்து வீட்டுக்காரர்தான் அழைத்தார்.

அலாரத்துக்குள் பற்றரி இருக்கவில்லை என்று தீயணைப்பு அதிகாரி குறித்தார். செத்தவீட்டில் எல்லோரும் அதையே கதைத்தார்கள். வினோதனின் கவனமின்மை. பாவம், தமக்கையையும் கொண்டுபோய்விட்டான். என்னைப் பார்த்து, அண்ணை, நீங்கள் எவ்வளவு சொல்லியிருப்பியள் என்றார்கள். ஓம் என்றேன். சொல்லித்தான் இருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து நிலக்சி வந்தாள். தகப்பனின் துப்பாக்கியைச் சட்டப்படி என் பெயருக்கு மாற்றினோம். அவன் சூட்டுத்திடலுக்குக் கொண்டுவந்த பையையும் மேசையில் வைத்தாள்.

“தாங்ஸ்கிவிங்குக்கு நான் வீட்டை வந்தனான், மாமா. ஒருக்கா செக் பண்ணியிருக்கலாம். லைக், ஒரு நிமிஷ வேலை.”

தாங்ஸ்கிவிங்குக்கு அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இங்கே அது ஒக்டோபரில் வரும்; நாங்கள் சுடப்போனதற்கு முந்திய கிழமை. அதை அவளிடம் சொல்லவில்லை.

“அப்பா ஒண்டையும் ஒழுங்காச் செய்யமாட்டார். ஐ ஹேற் ஹிம் ஃபோர் இற், மாமா. மாமி என்ன பிழை செய்தவ?”

அவள் தலையில் கை வைத்தேன். அழட்டும் என்று விட்டேன். தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளை உண்மையை அறிந்துகொள்வது நல்லதுதான்.

பைக்குள் ஒரு சிறு பொதி இருந்தது. புதிய ஒன்பது வோல்ற் பற்றரி, சிவப்பு றிபன் கட்டி.

“அது உங்களுக்கு. ஜோக்குக்கு. கிறிஸ்மஸுக்குத் தரவெண்டு வாங்கி வச்சவர். கேணலின்ர மெசின் இனிச் சாகக்கூடாதாம்.”

தலைக்கு மேல் அலாரம் வெறுமையாகத் தொங்க, அதே வீட்டுக்குள் ஒரு புதுப் பற்றரிக்கு றிபன் கட்டி வைத்திருந்தவன் அவன். இதைவிட அவனைப் பற்றி நான் என்ன சொல்ல.

பொதியை இன்னும் பிரிக்கவில்லை. தேவைப்படவில்லை. குரோனோகிராப்பில் அவன் சுவரில் இருந்து எடுத்த பற்றரியே இருக்கிறது. இன்று காலையும் அழுத்திப் பார்த்தேன். எரிகிறது.