வெள்ளிக்கிழமைக் குளிசை

பேசுபவர்களை நேரத்துக்கு இறக்கிவிடும் கடினமான பணியைச் சிரித்த முகத்தோடு செய்துகொண்டிருக்கும் அவைத் தலைவர் இராஜசிங்கம் அண்ணை அவர்களே, எங்கள் மூட்டுகளின் முறைப்பாட்டைக் காது கொடுத்துக் கேட்கும் மருத்துவப் பெருமக்களே, தாதியரே, லா ஷோ-து-ஃபோனிலிருந்து விடியவே ரயிலேறி வந்திருக்கும் உறவுகளே, அனுபவத்தால் என்னை வென்று நிற்கும் பெரியோரே, பிள்ளையை மடியிலும் நோவை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மாரே, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

கைகூப்பி என்று எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா? விரல் நிமிர வேண்டும், மணிக்கட்டு மடங்க வேண்டும், இரண்டு உள்ளங்கையும் நோவில்லாமல் ஒட்ட வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் ஒரு வணக்கம். ஒரு வணக்கத்துக்கே வழியில்லாமல் போன கைகளை என் வீட்டில் பார்த்த பிறகுதான் இதெல்லாம் எனக்கு விளங்கியது.

எனக்கு முன் பேசிய மருத்துவர்கள் வாதநோயைப் பற்றிப் படம் போட்டு விளக்கினார்கள். உடலைக் காக்க வேண்டிய காவலே உடலைத் தாக்கும், அதுதான் இந்த நோய்களின் வேர் என்றார்கள். நான் மருத்துவன் அல்லன். கிழமை நாட்களில் ஓஸ்டர்முண்டிகனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவன்; சனி, ஞாயிறில் மேடையேறுபவன். பொங்கல் விழாவா, பூப்புனித நீராட்டா, புத்தக வெளியீடா, பாடசாலை ஆண்டு விழாவா, யேசுதாசனைக் கூப்பிடுங்கோ என்பீர்கள். வருவேன். பேசுவேன்.

என்ன அண்ணை, பின்வரிசையில்? நீட்டிப்போடுவேன் என்கிறீர்களா? ஓம், உண்மைதான். கோபமில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பேசவேண்டாத இடத்தில் பேசிய ஒரு வாயைப் பற்றி. அந்த வாய் இதுதான்.

மூன்றாவது வரிசையில், பச்சைச் சேலையில், இவன் என்ன சொல்லப் போகிறானோ என்ற பயத்தோடு ஒருவர் இருக்கிறார். அவர் என் மனைவி ஜெயகௌரி. நான் மன்னார்க் கத்தோலிக்கன், அவர் யாழ்ப்பாணத்துச் சைவம். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட என் சமயம் என்னைத் தடுக்காது. அவருடைய அடுப்பு தடுக்கும். அந்த ஒன்றைத் தவிர எங்களுக்குள் சமயச் சண்டை வந்ததே இல்லை. இதையெல்லாம் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். சொல்லுங்கோ, ஆனால் கூட்டிச் சொல்லாதேங்கோ என்றார். முயன்று பார்க்கிறேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, மார்கழி மாதம். ஒருநாள் காலையில் குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். குழாயைத் திருக முடியாமல் நின்று அழுதுகொண்டிருந்தார். ஒரு மருத்துவமனைச் சலவைப் பகுதியில் நாள் முழுக்கப் போர்வை மடித்த கை, அன்று தன் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாத கையாகிப் போனது. குளிர்தான் என்றேன். தைலம் பூசினேன். கையுறை வாங்கிக் கொடுத்தேன். குளிர் போனது, கோடை வந்தது, வீக்கம் மட்டும் போகவில்லை. பிறகுதான் பெரிய மருத்துவமனையின் வாதநோய்ப் பிரிவுக்குப் போனோம். அங்கே டொக்டர் வூத்ரிக் அம்மையார் அந்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து நோய்க்குப் பெயர் சொன்னார்.

இந்தச் சுவிஸ் நாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. டொச், அதாவது ஜெர்மன் மொழி, விளங்காத நோயாளிக்கு மொழிபெயர்க்க டொல்மெச்சரைக் கூப்பிடுவார்கள். அவர் சொன்னதைச் சொல்வார், கேட்டதைக் கேட்பார், வெளியில் மூச்சு விடமாட்டார். உங்களுக்கும் ஒருவரை ஒழுங்கு செய்யட்டுமா என்று டொக்டர் கேட்டார். என் தன்மானம் தலைதூக்கியது. இருபது வருடம் டொச் கதைக்கிற எனக்கு டொல்மெச்சரா? மேடையை ஆளும் எனக்கு இந்தச் சின்ன அறை எந்த மூலைக்கு? வேண்டாம், நான் இருக்கிறேன் என்றேன். உறவுகளே, என் தவறு அங்கே தொடங்கியது.

டொக்டர் மஞ்சள் நிறக் குளிசை எழுதினார். கிழமைக்கு ஒருநாள் மட்டும் போடும் குளிசை. நாள்தோறும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் நாளைப் பெட்டியில் எழுதித்தான் கொடுப்பார்கள். என்ன நாள் உங்களுக்கு வசதி என்று ஜெயகௌரியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கேட்டது அவரை. பதில் சொன்னது யார்? நான். ஃப்ரைடாக் என்றேன். வெள்ளி போட்டால், வயிற்றைப் பிரட்டினாலும் சனி, ஞாயிறு படுத்து எழும்பலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு. மனைவியிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

அதோடு நிறுத்தினேனா? டொக்டர் அமைதியாகச் சொன்ன எச்சரிக்கையை நான் மேடைக் குரலில் மொழிபெயர்த்தேன். "வெள்ளி, வெள்ளி மட்டும்தான். வேறை நாளிலை அந்தப் பெட்டியைத் தொட்டாலே ஆபத்து, விளங்குதோ?" ஜெயகௌரி நடுங்கிப்போய் ஓம் என்று தலையாட்டினார். என் உரைக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனோம். குளிசை ஒழுங்காகப் போடுகிறாரா என்று டொக்டர் கேட்பார். நான், யா, யா. வயிறு பிரட்டுகிறதா? நைன், நைன். கை எப்படி? பரவாயில்லை. கேள்வி அவருக்கு, பதில் எனக்கு. நோவு அவருக்கு, பேச்சு எனக்கு. ஈரலைத் தாக்கக்கூடிய மருந்தென்று இரத்தத்தைச் சோதித்தால் ஈரல் பளிங்கு மாதிரி. இந்தக் குளிசையை இவ்வளவு நன்றாகத் தாங்கும் உடம்பு அபூர்வம் என்று டொக்டர் மெச்சினார். ஆனால் வீக்கம் குறையவில்லை. நாலு குளிசை ஆறானது, ஆறு எட்டானது. பதினான்கு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்-ரே படத்தில் வலக்கையின் இரண்டு விரல்களில் எலும்பு அரிக்கத் தொடங்கியிருந்தது.

இனி இந்த மருந்தை நம்பிப் பயனில்லை, நரம்பு வழியாக ஏற்றும் வலுவான மருந்துக்குப் போவோம் என்றார் டொக்டர். அது பலருக்கு வாழ்வு கொடுத்த மருந்துதான். ஆனால் ஜெயகௌரிக்கு இளவயதில் காசநோய் வந்து சுகமாகியிருந்தது. அந்த மருந்து, உறங்கும் காசத்தை எழுப்பிவிடக்கூடும். அதற்கு முன்காப்பாக மாதக்கணக்கில் வேறு குளிசை போட வேண்டும். அதற்குள் அந்த இரண்டு விரலும் என்னவாகும்? நோய் விடுப்பில் நிற்கும் அவருடைய வேலை என்னவாகும்?

அந்த மாதம்தான் ஆய்வுக்காக எங்களைக் கூப்பிட்டார்கள். இந்த மருந்தைப் போடும் நோயாளிகள் பலரை வருடக்கணக்கில் தொடர்ந்து, எவருக்கு வேலை செய்கிறது, எவருக்கு இல்லை என்று பதிவு செய்யும் ஆய்வு. அதைச் செய்தவர் சோலோதுர்னில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளை, மருத்துவர் கோபிஷா. நானும் வழக்கம்போல் கதிரையை முன்னுக்கு இழுத்து இருந்தேன். பிள்ளை என்னைப் பார்த்து மிக மரியாதையாகச் சொன்னாள்:

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருங்கோ. நான் அன்ரியோடை தனியக் கதைக்கவேணும்."

"அவவுக்கு எல்லாம் ஒழுங்காச் சொல்ல வராது, பிள்ளை."

"வாறமாதிரிச் சொல்லட்டும், அங்கிள். எனக்கு நேரம் இருக்கு."

வெளியே வந்தேன். மேடையிலிருந்து இறக்கிவிட்டது போல் முகம் சிவந்து நடைபாதையில் இருந்தேன். நாற்பது நிமிடம். கதவைத் திறந்து பிள்ளை என்னைக் கூப்பிட்டபோது ஜெயகௌரி அழுது முடித்திருந்தார். மேசையில் ஒரு பிஸ்கற் ரின். எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பையில் கொண்டுவந்திருக்கிறார். மூடியைத் திறந்தால் மஞ்சள் குளிசைகள். பதினான்கு மாதத்துக் குளிசைகள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

ஏன் போடவில்லை தெரியுமா? கை சுகமாக வேண்டும் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பாலும் பழமும் தவிர வேறெதுவும் வாயில் வைப்பதில்லை என்ற விரதம். எந்தக் கைக்காக விரதமோ, அந்தக் கைக்கான மருந்தை அந்த விரதமே தள்ளி வைத்திருக்கிறது. சனிக்கிழமை போடலாமே என்கிறீர்களா, தங்கச்சி? போட்டிருக்கலாம். ஆனால் வேறு நாளில் தொட்டாலே ஆபத்து என்று டொக்டரின் அறை அதிர முழங்கியவன் யார்? வெள்ளி போட்டால் விரதம் முறியும், மற்ற நாள் போட்டால் உயிர் போகும். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் என் மனைவியை நிறுத்திவிட்டு நான் யா, யா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பளிங்குபோல் ஈரல் இருந்ததன் இரகசியமும் அன்றுதான் விளங்கியது. பூசை அறையில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பின்னால் அந்த ரின் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்குச் சமையலறை வேலை. நான் பார்த்ததில்லை.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், வெட்கமில்லாமல்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நீங்கள் அந்த டொக்டரோடை அவ்வளவு வடிவா டொச் கதைச்சுக்கொண்டு இருக்கேக்கை, நடுவிலை பூந்து உங்களைப் பொய்யன் ஆக்க எனக்கு மனம் வரேல்லை."

தாய்மாரே, என் வாழ்க்கையில் எத்தனையோ கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பொன்னாடைகள் அலுமாரி நிறைய இருக்கின்றன. என்னை இவ்வளவு தாங்கிய சொல்லையும், இவ்வளவு தண்டித்த சொல்லையும் ஒரே வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். என் மானத்தைக் காக்கத் தன் விரலைக் கொடுத்திருக்கிறார்.

கோபிஷா ஒன்று சொன்னாள், அதையும் கேளுங்கள். "அங்கிள், இண்டைக்கு அன்ரியைத் தனியக் கேக்காட்டி, இந்த மருந்து இவவுக்கு வேலை செய்யேல்லை எண்டுதான் நான் பதிஞ்சிருப்பன். இப்பிடி இன்னும் பத்துப் பேர் இருந்தால், தமிழ் ஆக்களுக்கு இது சரிவராது எண்டு நாளைக்கு ஆரும் எழுதுவினம்." பார்த்தீர்களா? ஒரு வீட்டில் கேட்கப்படாத கேள்வி, எத்தனை வீட்டு மருந்தைக் கெடுக்கப் பார்த்திருக்கிறது.

பிறகு நடந்ததை நீட்டாமல் சொல்கிறேன். டொக்டர் வூத்ரிக் ஏசவில்லை. எட்டில் தொடங்காமல் மறுபடி நாலிலிருந்து தொடங்கினார். என்ன நாள் என்று திரும்பக் கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சொன்டாக் என்றார் ஜெயகௌரி. தன் சொந்த வாயால் அவர் அந்த அறையில் சொன்ன முதல் டொச் சொல் அது, ஞாயிற்றுக்கிழமை. விரதமும் முறியவில்லை, மருந்தும் முடங்கவில்லை. நாலாம் மாதம் வீக்கம் வடிந்தது. வலுவான மருந்து தேவைப்படவில்லை. வேலைக்குத் திரும்பினார். ஆனால் அரித்த எலும்பு அரித்ததுதான். அந்த இரண்டு விரலும் இன்றும் முழுதாக நிமிராது. அவை என் விரல்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே கணவர்மாரே, மனைவியோடு மருத்துவமனைக்குப் போங்கள். துணையாகப் போங்கள், தூணாகப் போங்கள், அவர் வாய்க்குப் பூட்டாகப் போகாதீர்கள். பெற்றோரே, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய் உங்கள் உடம்பின் அந்தரங்கத்தை அதன் வாயால் சொல்ல வைக்காதீர்கள். டொல்மெச்சரைக் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். விரதம் இருந்தால் சொல்லுங்கள். குளிசை போடாவிட்டால் போடவில்லை என்று சொல்லுங்கள். நோகிறதா? நோகிறது என்று சொல்லுங்கள். டொக்டருக்கு மரியாதை என்பது அவர் கேட்டதற்கு உண்மை சொல்வதுதான்.

மருத்துவர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். எங்களைப் போன்ற வாயாடிகளை நடைபாதையில் இருத்துங்கள். கோபிப்போம். பிறகு ஒருநாள் மேடையேறி நன்றி சொல்வோம்.

தலைவர் அண்ணை மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு நிமிடம் தாருங்கள். அதிலும் நான் பேசப் போவதில்லை. முன்வரிசையில் டொக்டர் வூத்ரிக் அம்மையார் இருக்கிறார். இந்தச் சபை அறிய ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கப் போகிறேன்.

ஜெயகௌரி, கை எப்பிடி?

எழும்ப வேண்டாம், இருந்தபடியே சொல்லுங்கோ. நான் நிற்கிறேன்.

கேட்டதா உங்களுக்கு? பின்னால் கேட்கவில்லையாம். "இண்டைக்குக் கொஞ்சம் நோகுது" என்கிறார்.

ஃப்ரௌ டொக்டர், இன்றைக்குக் கொஞ்சம் நோகிறதாம். என் மனைவி சொன்னது மூன்று சொல். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, அப்படியே உங்களிடம் தந்துவிட்டேன். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. நோவில்லாத காலைகள் உங்களுக்கு விடியட்டும், வணக்கம். ஜெயகௌரி, டொக்டர் எழும்பி உங்களிடம்தான் வாறா. நீங்களே கதையுங்கோ.