மரம் போடாத இரண்டு மழைக்காலம்

தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, ஓடைக்கு அக்கரையிலிருந்து சுற்றுவழியாக நடந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

சமூகவியல் பேராசிரியர் மரியசெல்வம் போன செவ்வாய்க்கிழமை அந்த ஓடையில் வழுக்கி விழுந்து இறந்தார். சிலோனிலிருந்து வந்து அக்கரையில் குடியேறிய குடும்பங்களுக்கு மாலை வகுப்பு எடுக்கப் போனவர். ஓய்வுபெற்ற வாத்தியாரான எனக்கு மகன் வயது. நானா அவருக்கு இரங்கல் சொல்ல வேண்டும்?

இரண்டு வருடத்துக்கு முன்பு, எண்பத்து நான்கில், இதே மன்றத்தில் ராக்கம்மாவுக்காகக் கூடினோம். தோட்டவேலைக்குப் போன அவரையும் அதே ஓடைதான் கொண்டுபோனது. அழுதோம். பாலம் கேட்டுத் தீர்மானம் போட்டோம். எழுதியவன் நான். மறுவருடம் அதன் நகலைப் படித்துவிட்டு மரியசெல்வம் சொன்னார்: “சார், ஒரு எழுத்துப்பிழை இல்ல. பாலமுந்தான் இல்ல.”

அதற்கு முன்பெல்லாம் ஐப்பசி மழைக்குள் நாமே இரண்டு தைலமரங்களை வெட்டி, நடந்து கடக்க ஓடைக்குக் குறுக்கே போடுவோம். ராக்கம்மா இறந்த வருடம் மட்டும் தாமதமாயிற்று. தீர்மானத்துக்குப் பிறகு இந்த இரண்டு மழைக்காலமும் யார் போட்டோம்? முன்னால் நின்று மரம் வெட்டும் ஆண்டிச்சாமியை அப்போதே கேட்டேன். “அதான் தீர்மானம் போட்டாச்சே சார், பாலமே வந்துரும். இனி மரம் எதுக்கு?” என்றார். நானும் தலையாட்டினேன்.

மரியசெல்வம் தலையாட்டவில்லை. “பல்வலிக்கு மாத்திரை போட்டா வலி போயிரும், பல்லு சொத்தையாகிக்கிட்டே கெடக்கும். நம்ம இரங்கல் கூட்டமும் அப்படித்தான் சார்” என்றார். ஊரைச் சேர்த்துவைக்க உண்டான ஒரு வழக்கம், யாரும் நினைக்காமலே ஊருக்குக் கெடுதல் செய்வதைச் சமூகவியலில் செயற்பிறழ்வு என்பார்களாம். யாருக்கு ஆறுதல், யாருக்கு ஆபத்து என்று பிரித்துப் பார்க்க வேண்டுமாம். அதை அக்கரையில் குடியிருக்கும் சிவபாக்கியம் படிக்காமலே சொன்னார்: “நீங்க அழுதுட்டு பஸ் ஏறிருவீங்க மாஸ்டர். நாங்கதானே தண்ணியில எறங்கணும்.”

மாலை வகுப்பை நான் தொடர்வேன். ஆனால் நிகழ்ச்சிநிரலில் அடுத்தது தீர்மானம், பிறகு மௌன அஞ்சலி. தீர்மானத்தை எழுதித்தரச் சொன்னார்கள். நான் எழுதவில்லை.

பாலம் கேட்டு தாலுகா அலுவலகத்துக்கு நடப்போம், நடந்துகொண்டே இருப்போம். அதுவரை சும்மா இருக்க மாட்டோம். நாளை வெள்ளனே கோடாலியும் கயிறும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு வாருங்கள். ஆண்டிச்சாமி மரம் பார்த்து வைத்திருக்கிறார்.

இப்போது எழுந்து நிற்க வேண்டாம். மௌன அஞ்சலியை நாளை அந்த மரத்தின்மேல் நின்று செலுத்துவோம்.